வூட்ல சொல்லிக்கினு வந்தியா

டீ நன்றாக இருந்தது ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், குறை கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது.

நேற்று நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். அதற்கு முதலில் 'இடிமலை அறுவர்' பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் கள்ளக்குறிச்சியில் நானும் சின்னதுரையும் சேர்ந்து போட்ட காமிக்ஸ் அது. கல்வராயன் மலையில் இடி விழுந்து சக்தி பெற்ற ஆறு பேர் உலகத்தைக் காப்பாற்றுவார்கள். கதை, வசனம் நான். படம் வரைந்து, பலூனுக்குள் எழுத்தையும் எழுதியவன் போர்டு பெயிண்டரான சின்னதுரை. குறைகளை மறைக்க மாட்டேன். ஆறு பேரில் நான்கு பேரை யாருக்கும் அடையாளம் தெரியாது. எல்லோரும் எந்நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். இடுப்பு முழுக்கப் பைகள் தொங்கும். ஒரு பையிலிருந்தும் யாரும் எதையும் எடுத்ததில்லை. மூன்றாம் இதழில் பறந்த காற்றரசி ஐந்தாம் இதழில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். அது என் மறதி. முக்கியமாக, ஒருவருக்கும் பாதம் கிடையாது. சின்னதுரைக்குப் பாதம் வரைய வராது. புகை, புல், தண்ணீர் என்று எதையாவது போட்டு மறைத்துவிடுவான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் முடியவில்லை.

ஐந்தாம் இதழில் வில்லன் எதிரே வந்து நிற்கும் கட்டத்துக்கு, "அறிவிலியே, உன் அழிவு நெருங்கிவிட்டது" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சாகி வந்தபோது எங்கள் தலைவன் இடிவேந்தன், "இன்னாடா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். உயிரோடு திரும்ப மாட்டாய் என்பதற்கு நம் பக்கத்துச் சண்டையில் கேட்கிற கேள்வி அது. உலகத்தைக் காப்பவன் கேட்கலாமா? ஊரே சிரித்தது. அந்த ஐந்தாம் இதழோடு புத்தகம் நின்றுபோனது. நானும் மறந்துவிட்டதாக நினைத்தேன்.

போன வருஷம் யாரோ அந்தப் பக்கத்தைச் செல்போனில் பரப்பிவிட்டார்கள். இப்போது பையன்கள் அந்த வரியைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் வந்தார். பழைய இதழ்களை மறுபடி போடுவதாகவும், புதிதாக ஆறாம் இதழ் வேண்டும் என்றும் சொன்னார். "அந்த ஒரு வரி போதும் சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எழுதியதாகவே நினைத்துவிட்டார். சின்னதுரை பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

அவர் போனபின், என் வசனத்தைத் திருப்பிப் போடு என்று அவனைக் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்டா. உன் பேருதான் மேல கீது, உனுக்குத்தான பெரும. அப்புறம் இன்னா?" என்றான்.

அவன் விட்டுக்கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுதாததை என் பெயரில் ஊர் கொண்டாடுகிறது. நான் எழுதியது எங்குமே இல்லை.

ஆறாம் இதழிலாவது எல்லோருக்கும் பாதம் வைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஈரப் பாறையில் கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான்தான் என் வண்டியில் மலைக்கு அழைத்துப் போனேன். அருவிக்கு மேலே, பாறை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, என்னைச் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே நிற்கச் சொன்னான்.

"நவுராதடா, அப்டியே நில்லு. இந்த வாட்டி வந்துக்கினு கீது."

நெடுநேரம் வரைந்தான். விளிம்பிலேயே எழுந்து நின்று காகிதத்தை என்னிடம் நீட்டினான். என் பாதங்கள். விரல்கள் பாறையைப் பற்றியிருந்தன. ஒரு குறை சொல்ல முடியவில்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயா?" என்று கேட்டேன்.

கடைசியில் என் வாயிலும் அந்த வரி வந்துவிட்டதே என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"சொல்லிக்கினுதான்டா வந்தேன், உன்னோட போறேன்னு. அதான் கோகிலா கவலப்படல."

இரண்டு கையாலும் தள்ளினேன். அவன் வழுக்கி விழுந்தான் என்று நேற்று எழுதினேனே, அதுதான் பிழை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி கோகிலவாணி என்னைப் பார்த்துத்தான் கதறினாள். "உங்ககூடப் போறேன்னுதானே அண்ணே சொல்லிக்கினு போனாரு" என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவனைப்போல ஒருவன் எனக்கு இனிமேல் கிடைக்க மாட்டான்.

இந்தாருங்கள், அந்தப் படம். ஆறாம் இதழுக்கு அட்டைப்படமாகப் போடட்டும். பதிப்பாளரிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: அந்த வரியில் 'சொல்லிக்கினு' வேண்டாம், 'சொல்லிக்கொண்டு' என்று திருத்திவிடட்டும். சின்னதுரை ஒன்றும் சொல்ல மாட்டான். நான் கேட்டு அவன் மறுத்தது ஒரே ஒரு தடவைதான்.