மாரண்டஹள்ளியிலிருந்து வந்த பதில்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரை எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. அம்மா அதற்கு முன்பே சட்னியை அரைத்து வைத்துவிடுவார். நான் ரேடியோவில் பேசும்போது பின்னால் மிக்ஸி சத்தம் கேட்டால், "பாப்பா சமையல்ல இருக்குது போல" என்பார் தர்மன் சார். மற்றவர்கள் வரிசையாகச் சிரிப்பார்கள்.

நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அப்பா முனியப்பனுக்கும் சேர்த்து எல்லா மனுவையும் நான்தான் எழுதுவேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மாந்தோப்பில் இடுப்பு ஒடிந்து கிடந்த மனிதர், கையில் வேலை செய்கிற ரேடியோவை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உதவி கேட்டிருக்கிறார். ஏன் ஒருவரும் வரவில்லை? நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே குன்றில் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் எங்கள் ஹாம் மன்றத்தின் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது. கீழே ஒருவர் கைக்கருவியில் மெல்லிசாகப் பேசுவதைக் கேட்டு, அதையே பலமாகத் திருப்பிச் சொல்வது அதன் வேலை. சொந்தமாக ஒரு வார்த்தை பேசாது. எங்கள் மன்றத்துக்குப் பொருத்தமான கருவி. மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் மலை இருப்பதால் இது பேசுவது அதற்குக் கேட்காது. பன்னிரண்டு வருடமாக இரண்டு பக்கத்து ஆட்களும் ஆண்டு விழாவில் பிரியாணி சாப்பிடும்போது மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டையும் இணையம் வழியாக நான் இணைத்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கணினிப் பலகை, ஒரு பழைய ரேடியோ, ஒலி மாற்ற ஒரு யு.எஸ்.பி. குச்சி, எல்லாம் ஒரே பெட்டிக்குள், அவ்வளவுதான். பாப்பிரெட்டிப்பட்டியில் பேசினால் பலகை அதை இணையத்தில் அனுப்பும், மாரண்டஹள்ளிப் பலகை வாங்கி அங்கே ஒலிபரப்பும். கேட்கச் சுலபம். குன்றுக்குப் பத்தொன்பது முறை ஏறினேன். டவுனில் இருந்து இணையம் வர டிஷ் கட்டினேன். குரங்கு இரண்டு முறை கேபிளைக் கடித்தது. மன்றத்து ஆட்கள் யாரும் ஏறவில்லை, எல்லோருக்கும் முட்டி வலி.

திறப்பு விழாவுக்கு மட்டும் ஜீப் வைத்து வந்தார்கள். தர்மன் சார் மன்றத் தலைவர், ஓய்வு பெற்ற பொறியாளர். பெட்டிக்குப் பொட்டு வைத்து, மின்விசிறியை மறைக்கிற மாதிரி சாமந்தி மாலையைப் போட்டார். சூடாகிக் கணினி நின்றுபோனது. நான் மாலையை எடுக்கப் போனேன்.

"பாப்பா, தொடாத. சாமி காரியம்."

"காத்து போவலைங்க சார். அதான் ஆஃப் ஆயிடுச்சு."

"அதெல்லாம் தன்னால வரும். நீ போயி எல்லாருக்கும் டீ வந்துச்சான்னு பாரு."

டீ வந்தது. அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்கு மட்டும் காகிதக் கப்பில். சுகாதாரமாம். எங்கள் தெரு எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் பணமோ மாலையோ கேட்கவில்லை மேடம். ஒரு கடிதம் கேட்டேன். பேரிடர் நேரத்தில் இந்த இணைப்பைப் பார்த்துக்கொள்ள மாவட்டத் தலைமையிடத்தில் ஓர் ஒப்பந்த வேலை வந்தது. இணைப்பைச் செய்தவர் யார் என்று மன்றம் கடிதம் தந்தால் போதும், அந்த ஆளுக்கு வேலை. இதைக் கட்டியது சுசித்ரா என்று ஒரு வரி. தர்மன் சார் கடிதம் கொடுத்தார். தன் தங்கை மகன் அறிவழகனுக்கு. அறிவழகன் பெட்டியை ஜீப்பில் இருந்து இறக்கியவர்.

அவருடைய மாந்தோப்புக்கே போய்க் கேட்டேன்.

"கண்ணு, நீ வயசுப் பொண்ணு. நாளைக்கு வெள்ளம் புயல்னா ராத்திரியெல்லாம் அங்க ஒக்கார முடியுமா? உங்க வூட்டுலதான் ஒத்துக்குவாங்களா?"

"எங்க வூட்டுல நான் கேட்டுக்கறேங்க. செஞ்சது நான்தானுங்களே? அத மட்டும் எழுதிக் குடுங்க."

"செஞ்சது மன்றம்மா. மன்றம் இல்லைன்னா உனக்கு மலையில ஏற பர்மிஷன் கெடைச்சிருக்குமா?" பிறகு அன்பாக, "உங்க தெருவுல இருந்து வந்து இவ்வளவு படிச்சிருக்கியே, அதுவே பெருசு" என்றார். போகும்போது ஒரு பை மாங்காய் கொடுத்தார். ஊறுகாய் போட்டோம், நன்றாக இருந்தது.

நான் கோபப்பட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு செய்ததைக் கோபத்தில் செய்யவில்லை. ஒரு சந்தேகம் வந்தது, சோதித்துப் பார்த்தேன்.

ஞாயிறு காலைக் கூடுகையில் ஒவ்வொருவராக வந்து பேர் சொல்வார்கள். எதிராளி குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்வது வழக்கம். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது, 'ஃபைவ் நைன்' என்றால் முழு மதிப்பெண். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஃபைவ் நைன்தான் கொடுப்பார்கள். கேட்காவிட்டாலும் கொடுப்பார்கள். முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, "சார், கடைசியா என்ன சொன்னீங்க?" என்பார்கள். பெரியவருக்குக் குறைத்துச் சொல்வது மரியாதை இல்லையாம். அப்புறம் வானிலை, தக்காளி விலை, முட்டி வலி, நன்றி வணக்கம்.

இவர்கள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கிறார்களா? இதுதான் என் சந்தேகம்.

எட்டு மாதக் கூடுகைகள் என்னிடம் பதிவாக இருந்தன. மாரண்டஹள்ளிப் பக்கத்துக் குரல்களைத் துண்டு துண்டாக வெட்டினேன். முக்கியமாக, காய்கறி மண்டி வைத்திருக்கும் இன்னாசிராஜ் அண்ணன் குரலை. பிறகு இணைப்பைத் துண்டித்தேன். தர்மன் சார் பேசி முடித்துப் பொத்தானை விட்டதும், பலகை ஒரு துண்டைப் பொறுக்கி ஒலிபரப்பும். அந்தப் பக்கம் பேசினால் தர்மன் சாரின் பழைய குரல் போகும். மலைக்கு இந்தப் பக்கம் உரிமம் வைத்திருந்தது மூன்றே பேர். தர்மன் சார், நான், அறிவழகன். அறிவழகன் ரேடியோவை வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தார்.

ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். ஒன்பது வாரம் ஓடியது.

"இன்னாசி, மழை எப்படி?"

"ரொம்ப நல்லா கேக்குதுங்க சார். ஃபைவ் நைன். வெயிலு மண்டையப் பொளக்குதுங்க."

அன்று தர்மபுரி முழுக்க மழை. தர்மன் சார், "ஆமாப்பா, இங்கயும்" என்றார்.

ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணத்தில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். நான் பந்தியில் எதிர் வரிசையில் இருந்தேன். "ஞாயித்துக்கெழமை நீங்க சொன்னது கரெக்ட்டுங்க சார்" என்றார் இன்னாசிராஜ் அண்ணன். "நீ சொன்னதும்தான்பா" என்றார் இவர். இரண்டு பேரும் அப்பளத்தை நொறுக்கினார்கள். ஃபோனில் பேசிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ரேடியோக்காரர்கள் ஃபோனில் பேசிக்கொள்வது கௌரவக் குறைச்சல்.

இதற்கு மேல் நிரூபிக்க ஒன்றும் இல்லை, நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னிடம் இன்னொரு துண்டு இருந்தது. இன்னாசிராஜ் அண்ணன் எப்போதோ ஒரு புது ஆளிடம் சொன்னது. "ஆடியோ கொஞ்சம் உடையுதுங்க. ஆண்டெனாவ இன்னும் தூக்கி வெச்சா நல்லாருக்கும்." ஆறாவது வாரம் அதைத் தர்மன் சாருக்குப் போட்டேன். இணைப்பு வந்த நாளிலிருந்து அவருக்கு ஃபைவ் நைன் வராதது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு ஆண்டெனா மோட்டார் கொட்டகை மேல் ஏறியிருந்தது. மறுபடி உடையுது என்று போட்டேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியது. மறுபடி போட்டேன். தொட்டி மேல் இருபது அடி இரும்புப் பைப் நட்டார். என் பெட்டி அவர் குரலை எங்கும் அனுப்பவே இல்லை, அவர் வானத்தில் போய் உட்கார்ந்து பேசினாலும் மாரண்டஹள்ளிக்குக் கேட்காது. இது தெரியாமல் அறுபத்து நான்கு வயதில் ஒரு பொறியாளர் பைப்பைத் தோளில் வைத்து ஏணி ஏறுவது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவரை ஏறச் சொன்னது நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் குரல் எந்த இடத்திலும் இல்லை.

ஒன்பதாவது ஞாயிறு, ஏழு பத்துக்கு 'உடையுது' போனது.

"இருங்கப்பா. இன்னொரு பைப்பு இருக்குது. இப்பவே ஏத்திட்டு வரேன்" என்றார்.

ஏழு இருபத்து நான்குக்கு, இடுப்பில் செருகியிருந்த கைக்கருவியில் மறுபடி வந்தார். மூச்சு வாங்கியது.

"இன்னாசி... விழுந்துட்டேன்பா. தொட்டி மேலருந்து. காலை அசைக்க முடியல. இங்க டவர் இல்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி தோப்புக்கு அனுப்புங்க."

பலகைக்கு அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. பொத்தானை விட்டார், அது ஒரு துண்டை எடுத்தது.

"ரொம்ப நல்லா கேக்குதுங்க சார். ஃபைவ் நைன். இங்க லேசா தூறலுங்க."

"இன்னாசி, வெளயாடாதப்பா. நெசமாவே விழுந்துட்டேன்."

"அப்புறம் சார், முட்டி வலி எப்படி இருக்குது?"

நீங்கள் இந்த இடத்தில் என்னைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நேற்றும் பார்த்தீர்கள். பெட்டியைத் திறக்க முதலில் அறிவழகனைக் கூப்பிட்டீர்கள். அவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிட்டு, "நெட்டு பிராப்ளம் மேடம்" என்றார். கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். பதிவுகளை நேரம் வாரியாக எடுத்துக் கொடுத்தது நான். ஒளிக்க நினைத்தவள் கொடுப்பாளா?

அந்தப் பதிவில் ஏழு முப்பத்தொன்றில் ஒரு பதில் இருக்கும். அது பலகை பொறுக்கியது இல்லை. என் ஃபோனில் இருந்தே துண்டைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னாசிராஜ் அண்ணன் முன்பு கிடா விருந்துக்குக் கிளம்பும்போது சொன்னது அது.

"கெளம்பிட்டேங்க சார். வந்துக்கிட்டே இருக்கேன்."

அவர் அழுதுவிட்டார். "சரிப்பா. சரிப்பா. ரோட்டுக்கு நவுந்து போலாமான்னு பாத்தேன். நீ வரேன்னா நான் அசையாம கெடக்கறேன்."

அவரைச் சமாதானப்படுத்தத்தான் அதைப் போட்டேன். வலியில் இருக்கிற மனிதரிடம் மழை, முட்டி என்று பேசிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது.

எங்கள் வீட்டில் இருந்து 108க்கு அடித்தால் அரை மணியில் தோப்பில் வண்டி நின்றிருக்கும். ஃபோன் என் கையில்தான் இருந்தது. அம்மா வந்து, "களி ஆறுது, இன்னும் என்னாத்த கேக்கற?" என்றார். "வேலைம்மா" என்றேன். அந்தத் துண்டை மொத்தம் பதினொரு முறை போட்டிருக்கிறேன். நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு ஐம்பதுக்குத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பொறியாளர் இல்லையா.

"யாராச்சும் இருக்கீங்களா? லிங்க்குல என்னமோ கோளாறு. அந்த சுசித்ரா பொண்ணுக்கு ஃபோன் போடுங்க. அதக் கட்டினது அவதான். அறிவழகனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவளைக் கூப்பிடுங்க."

நான் கேட்ட ஒரு வரி அதுதான் மேடம். அவர் வாயாலேயே, என் பேரோடு. மூன்று மாதம் தோப்புக்கும் மன்றத்துக்கும் நடந்து கேட்டது. உடனே தனியாக வெட்டிச் சேமித்தேன். போட்டுக் கேட்டால் நடுவில் இரைச்சல். அவர் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. 'கட்டினது அவதான்' என்ற இடம் தெளிவாக இல்லை. அதை யாரிடமாவது காட்டினால், கட்டினது சுசித்ரா என்று எங்கே சொல்கிறார் என்று கேட்பார்கள். இந்த ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

இன்னொரு முறை சொல்வார் என்று காத்திருந்தேன்.

சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். மனைவி பேரைச் சொன்னார். ஒன்பது பதினாறுக்குப் பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார், பேச்சு இல்லை, மூச்சு மட்டும். பொத்தானை விடாததால் பலகை பதில் எதுவும் போடவில்லை. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மூச்சும் இல்லை, பொத்தான் மட்டும் அவர் கைக்கு அடியில் அழுந்தியபடி கிடந்தது. பத்து நிமிடம் கழித்து, மாட்டுக்குப் புல் அறுக்க வந்த ஒரு பெண் அவரைப் பார்த்துக் கத்தினார். அந்தச் சத்தமும் பதிவில் இருக்கிறது.

உள்ளுக்குள்ளேயே ரத்தம் வடிந்திருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். நான் மறுக்கவில்லை. இணைப்பைத் துண்டித்தது நான், பதில்களைப் போட்டது நான், ஃபோன் செய்யாததும் நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவர் மனைவியிடம் சொல்லும்போது ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அனாதையாகக் கிடந்து செத்தார் என்று ஊரில் பேசுகிறார்களாம், அது பொய். மன்றத்தில் எவரும் அவர் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. கடைசி மூச்சு வரைக்கும் ஒரு சொல் விடாமல் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.