நான்கு மணி நேரம் பின்னால் ஓடும் நகல்

இந்த அறையின் மின்விசிறியில் பேரிங் காய்ந்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று ஒரு கீறல் சத்தம் வருகிறது, கேளுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும். விடாவிட்டால் ஒருநாள் நின்றுவிடும், அன்றைக்கு எல்லோரும் மின்விசிறியைத்தான் திட்டுவார்கள்.

என் வேலையும் ஏறக்குறைய எண்ணெய் விடுகிற வேலைதான். மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத மென்பொருள். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நான் படித்திருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எதையும் மாற்றுவதற்கு முன்னால், "இதை மாற்றப் போகிறேன்" என்று முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் மாற்றும். நடுவில் மின்சாரம் போனாலும், குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். மனிதர்களில் அப்படி நாணயமானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் குறிப்பேட்டை இன்னொரு கணினிக்கு அனுப்பினால் அங்கே ஒரு நகல் உருவாகும். எங்களிடம் இரண்டு நகல்கள். முதலாவது, நொடி பிசகாமல் கூடவே ஓடும். ஆனால் ஒரு சிக்கல். இங்கே தவறாக ஒன்றை அழித்தால் அதே நொடியில் அங்கேயும் அழிந்துவிடும். அதனால் இரண்டாவது நகலை வேண்டுமென்றே நான்கு மணி நேரம் பின்னால் ஓட வைத்தேன். குறிப்புகள் உடனே வந்து சேரும், நான்கு மணி நேரம் கழித்துத்தான் அமலாகும். அதற்குள் தவறைக் கண்டுபிடித்தால் நகலை நிறுத்தி, அழிந்ததைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். தினமும் இரவில் எடுத்து வைக்கும் சேமிப்பிலிருந்து எடுப்பதென்றால் ஏழு மணி நேரம் ஆகும்.

அது என் யோசனை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் எனக்கு "நாலு மணி சார்" என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவராகப் புதிதாக வந்த மேடம் கெட்டவரில்லை. கெட்டிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், சற்று அவசரக்காரர். வந்த மாதமே கேட்டார்.

"நாலு மணி நேரம் லேட்டா ஓடுற மெஷின வச்சு என்ன சார் பண்றது? நேத்து பேப்பர இன்னிக்கு உக்காந்து படிக்கற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாழக்கிழமை பன்னிரண்டரை மணிக் கூட்டத்தில், இயக்குநர் முன்னிலையில், அந்த நகலை அடியோடு நீக்க முடிவெடுப்பதாக இருந்தது.

அதே வியாழன் காலை ஒன்பது பத்துக்கு மேடம் ஒரு கட்டளையை ஓட்டினார். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியலில் சிலருடைய பதிவு இரண்டு முறை இருந்தது. இரண்டு இருந்தால் பழையதை நீக்க வேண்டும். அந்த "இரண்டு இருந்தால்" என்ற வரி கட்டளையில் இல்லை. பழையவை எல்லாமே போய்விட்டன. முப்பத்தெட்டாயிரம் பதிவுகள். அத்தனை பேருடைய திரையிலும் சிவப்புக் கட்டம் போய், "ஒவ்வாமை எதுவும் இல்லை" என்று பச்சையாகிவிட்டது.

மேடம் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என் நகலில் அவை எல்லாம் ஒன்று பத்து வரை பத்திரமாக இருக்கும். நிறுத்தும் கட்டளையை டைப் செய்து வைத்தேன். எண்டரை அழுத்தவில்லை. நகல் நின்றால் மேடத்தின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும், அவரே சரிசெய்துவிடுவார், கூட்டத்தில் அது பேச்சாகவே இருக்காது. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். யாரும் படாமலே புத்தி வர வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். பன்னிரண்டரைக்கு எல்லோர் கண் முன்னாலும் எடுத்துக் காட்டினால் போதும். நாற்பது நிமிடம் மிச்சமும் இருந்தது.

பத்தரைக்கு லிப்ட் அண்ணன் வந்தார். லிப்ட் இயக்குபவர். எனக்குத் தினமும் தேநீர் கொண்டுவந்து தருவார். அவருடைய மனைவிக்கு, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், அன்று பித்தப்பையில் அறுவை சிகிச்சை. மதியம் இரண்டு மணிக்கு என்று குறித்திருந்தார்கள்.

"தம்பி, இவளுக்கு அந்த ஊசி ஆகாதே. எட்டு வருஷம் முன்னாடி மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சு நின்னு போச்சே. அது கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

"இருக்கு அண்ணே."

"நான் வேற சொல்லணுமா டாக்டர்ட்ட?"

"எதுக்கு? சிவப்பாக் காட்டும். போய்ப் பக்கத்துல இருங்க."

"நீ இருக்கறப்ப எனக்கென்னடா கவல. டீ ஆறுது, குடி."

நான் பொய் சொல்லவில்லை. நகலில் இருந்தது. அவர் போனதும் ஒருமுறை பார்த்தும் கொண்டேன்.

பதினொன்று இருபதுக்கு இரண்டாம் தளத்திலிருந்து ஒரு நர்ஸ் அழைத்தார்.

"சார், எட்டாம் பெட் பெரியவருக்கு நேத்து செவப்பா இருந்துச்சு. இப்ப பச்சையா இருக்கு. எங்க கண்ணுல கோளாறா, உங்க மெஷின்லயா?"

"மெஷின்லதான் சிஸ்டர். மதியத்துக்குள்ள சரியாகிடும். அவருக்கு மட்டும் கையால எழுதி வச்சுக்குங்க."

எட்டாம் படுக்கைப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டம் சரியாகப் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. மேடம் தன் பட்டியலைப் படித்தார். என் நகலின் முறை வந்ததும், ஒரு நிமிடம் என்று கேட்டு, என் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தேன். பச்சையைக் காட்டினேன். மேடத்தின் முகம் வெளுத்துப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். எண்டரை அழுத்தினேன். நகல் நின்றது. அதிலிருந்து எடுத்து, மூலத்தில் சேர்த்து, எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். ஒன்பது நிமிடம். இயக்குநர் எழுந்து வந்து கைகொடுத்தார். "இந்த மெஷின யாரும் தொடக் கூடாது" என்றார்.

வெளியே வந்து லிப்டுக்குப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, லிப்ட் வரவில்லை. மூன்றாம் தளத்திலேயே நின்றது. அறுவை அரங்கு அந்தத் தளத்தில். படியேறிப் போனேன்.

அண்ணிக்கு முன்னால் குறித்திருந்த நோயாளி காலையில் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டாராம். அதனால் அண்ணியைப் பதினொன்றே முக்காலுக்கே உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். மருந்து ஏதாவது ஒத்துக்காதா என்று நர்ஸ் கேட்டதற்கு அண்ணன், "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, என் தம்பிதான் பாத்துக்கறான்" என்று சொல்லியிருக்கிறார். திரை பச்சையாக இருந்தது. அந்த ஊசியைப் போட்டார்கள். பன்னிரண்டு பதினெட்டுக்கு அண்ணியின் உயிர் போய்விட்டது.

அண்ணன் அழவில்லை. லிப்ட் கதவு மூடாமல் இருக்க அதன் குறுக்கே தன் முக்காலியை வைத்துவிட்டு, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல இருந்துச்சுல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணே" என்றேன். அப்போது இருந்தது.

அறுவை அரங்கின் அட்டவணையை மாற்றினால் எல்லாத் துறைக்கும் சொல்ல வேண்டும் என்பது விதி. எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை நீங்கள் விசாரிக்க வேண்டும்.

மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்த மின்னஞ்சல், அது நான் அனுப்பியதுதான். எந்தக் கட்டளையையும் இரண்டாவது ஒருவர் படித்துப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும் என்பதும் நான் கொண்டுவந்த விதி. மேடம் விதியை மீறவில்லை. புதன்கிழமை மாலையே எனக்கு அனுப்பினார். மூன்றாவது வரியில் அந்த நிபந்தனை விட்டுப்போனதைப் படித்தவுடனே பார்த்தேன். எண்ணெய் விடுகிறவன் கண்ணில் அது படாமல் போகாது. "பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது, காலையில் ஓட்டலாம்" என்று பதில் எழுதினேன்.

ஆம், தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். முப்பத்தெட்டாயிரத்தில் ஒரு பதிவைக்கூட இழக்கவில்லை. அண்ணியுடையதும் திரும்பி வந்துவிட்டது, ஓர் எழுத்து பிசகாமல். இப்போது திறந்து பார்த்தாலும் சிவப்பாகத்தான் காட்டும்.