கீழறையில் ஒரு புட்போல்காரன்

சான்ட்ரிங்ஹாமில் பஸ் ஏறிய இரண்டு யாழ்ப்பாணத்தார் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"எங்கட கீழறையில வாடகைக்கு இருக்கிற நைஜீரியாக்காரனுக்காக நான் ஒருக்கா மழையில ரெண்டு மணித்தியாலம் நிண்டனான்," என்றார் ஜன்னலோரத்தவர்.

"ஏன்?"

"அவன் அப்ப கொழும்பில பெரிய புட்போல்காரன். மைதானத்துக் கேற்றடியில அவ்வளவு சனம். கையெழுத்து வாங்கப் போய், கிட்டவும் நெருங்கேலாமல் திரும்பினனான்."

"இப்ப?"

"இந்த வெளிநாட்டில அவனை ஆருக்குத் தெரியும்? சனிக்கிழமை விளையாடி முடிய, கோல் வலையையும் தானே கழட்டி மடிச்சு வைக்கிறான்."

"கையெழுத்து?"

"வாடகை ஒப்பந்தத்தில ரெண்டு இடத்தில போட்டுத் தந்தவன்."

"மழையில நிண்ட கதையை அவனிட்டச் சொன்னீரோ?"

ஜன்னலோரத்தவர் இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

"இல்லை. சொன்னா பிறகு வாடகை கூட்டேலாது."