முன்பட்டித் தையல்

ஜீப் வைத்திருப்பவர்கள் கடைக்குள் காலை வைத்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹூட் எத்தனை வருஷம் தாங்கும் பாய்?" பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஆயுசைப் பற்றி இவ்வளவு நேரடியாகக் கேட்க மாட்டார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: வண்டி எங்கே நிற்கும்? கோபாலபுரத்து மரநிழல் என்றால் பத்து வருஷம். வேளச்சேரி மொட்டை வெயில் என்றால் ஆறு. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்து நின்றால் ஐந்து என்று சொல்லி, நாலரைக்கே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளச் சொல்வேன். வியாபாரத்தில் உண்மையையும் கொஞ்சம் பேரம் பேசித்தான் கொடுக்க வேண்டும்.

வைதேகி மேடம், நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்ததும், பேப்பரும் பேனாவும் கொடுத்து "உங்க பாணியிலேயே எழுதுங்க" என்றீர்கள். எழுதுகிறேன். குலாம் முகம்மது, வயது ஐம்பத்தெட்டு. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில் கேன்வாஸ் கடை. பழைய ஜீப்புகளுக்குத் துணிக்கூரை தைப்பது தொழில். அதைத்தான் ஹூட் என்கிறோம்.

டெரிக்குக்கு முதல் ஹூட் தைத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். பெசன்ட் நகர்க்காரர், பழைய ஜீப் பிரியர்கள் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். மெழுகு ஏற்றிய பருத்திக் கேன்வாஸில் தைத்துக் கொடுத்தேன். அந்த மெழுகுதான் மழையைத் தடுக்கும். அழுக்கானால் வெறும் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும், சோப்புப் பட்டால் மெழுகு போய்விடும் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் வீட்டில் சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சட்டை மாதிரி.

ஐப்பசி மழையில் ஒழுகியது. டெரிக் என்னிடம் வரவில்லை. சங்கத்து ஆட்கள் இருபது பேரைச் சுற்றி நிறுத்தி, ஹூட்டின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வீடியோ எடுத்தார். "இது ஹூட் இல்ல மச்சி, காபி ஃபில்டர். டிகாக்‌ஷன் எறங்குது பாரு. கச்சேரி ரோடு குலாம் பாய் கைவண்ணம்!" நல்ல ஜோக்தான். வேறு யாரைப் பற்றியாவது இருந்திருந்தால் நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அன்றிலிருந்து நான் ஃபில்டர் பாய். ராயப்பேட்டையில் ஒரு கல்யாணத்து வலிமா விருந்தில், பிரியாணிப் பந்தியில் எவனோ, "ஃபில்டர் பாய்க்கு ஸ்ட்ராங்கா ஒரு காபி" என்று குரல் கொடுத்தான். பந்தியே சிரித்தது. வீட்டுக்கு வந்து மனைவி கைசர் ஜஹானிடம் சொன்னேன். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில், அது அழுகை இல்லை என்று தெரிந்தது.

சரக்கு தீர்ந்தால் மண்ணடிக்குப் போய் வாங்கி வரலாம். பேர் எந்த மொத்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

போன தை மாதம் டெரிக் வந்தார். ரெடிமேடாக வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் கூரை வெயிலில் அப்பளமாக நொறுங்கிவிட்டதாம். கூடவே மகள் ஜொவிட்டா, இருபத்துநாலு வயது.

"இன்னா பாய், இன்னும் கோவமா? அது சும்மா காமெடிக்கு."

"எனக்கென்ன சார் கோவம்? உங்களாலதானே ஊரெல்லாம் என்னைத் தெரியுது."

"பாத்தியாம்மா, பாய் பாய்தான்" என்று என் முதுகில் தட்டிவிட்டு, போன் வந்ததும் வெளியே போனார்.

அந்தப் பெண் மெஷின் பக்கம் வந்து நின்றாள். "அங்கிள், ஸாரி. அதை சோப்புப் போட்டுத் தொவச்சது நான்தான். டாடிக்கு இன்னும் தெரியாது. நான் உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போட்டுடறேன். எல்லாருக்கும் அனுப்பறேன் அங்கிள்."

"வேணாம்மா. விடு. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

போடு என்று சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் என் பேர் திரும்பி வந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவள் மன்னிப்பை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டால், டெரிக்கிடம் கேட்க என் பக்கம் ஒன்றும் மிஞ்சாது. எதிராளி சொல்கிற முதல் விலைக்கே தலையாட்டும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

இரண்டாவது ஹூட்டுக்குக் கடையில் இருப்பதிலேயே உயர்ந்த கேன்வாஸை எடுத்தேன். ஹூட்டை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பிடித்துவைப்பது முன்பட்டி. அதை மட்டும் வேறு நூலில் தைத்தேன். எப்போதும் பாலியஸ்டர் நூல் போடுகிற இடம். இதற்குப் போட்டது பழைய பருத்தி நூல். கடை மாடியில் இரண்டு கோடை காய்ந்தது. மேலே மெழுகைத் தேய்த்துவிட்டால் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. கடற்கரை உப்புக்காற்றுக்கு அந்த மாதிரி நூலென்றால் தனிப் பசி. எட்டு மாதம் என்று நினைத்தேன். எட்டு மாதமும் பதினோரு நாளும் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, அடையாறு பாலம். ஓட்டுகிறவர் பக்கம் முன்பட்டி விட்டுப்போய், உள்ளே புகுந்த காற்றில் ஹூட் எழும்பி, மடங்கி முகத்தில் அறைந்தது. வண்டி கைப்பிடிச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. ஜொவிட்டா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

"உங்க கோவம் அப்பா மேலதானே, பொண்ணு ஓட்டுவான்னு உங்களுக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தீர்கள், மேடம். நல்ல மனசு. ஆனால் உயரம் பார்க்க நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் அளவெடுப்பேன். டெரிக் ஆறடி ஆள். அன்றைக்கு என் முட்டியே ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டை நாலு விரல் முன்னால் தள்ளிப் புது போல்ட் போட்டிருந்தார்கள். வண்டி மகள் கைக்குப் போய்விட்டது என்று புரிந்தது. மாடிக்குப் போய் அந்த நூலை எடுத்து வந்தது அதற்குப் பிறகுதான்.

டெரிக்கே போயிருந்தால் அவருக்கு அது ஒரு நிமிஷத்து வேலை. அடக்கத்துக்குப் போயிருந்தேன். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. என் தோளில் முகத்தை வைத்து அழுதார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நேற்று உங்கள் ஏட்டு கடைக்கு வந்து டெரிக் கொடுத்த புகாரைக் காட்டினார். 'மட்டமான துணி கிழிந்ததால் நடந்த விபத்து' என்று எழுதியிருக்கிறார். கவனக்குறைவு கேஸ்தான், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று வக்கீல் சொன்னார். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்த ஜீப் உங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறது. ஒரு நடை போய்ப் பாருங்கள். துணியில் ஒரு கீறல் கிடையாது. முன்பட்டியில் நூல்தான் அறுந்திருக்கிறது, ஊசித் துளைகூட விரியவில்லை. அந்தப் பெண்ணைக் கொன்றது நான், தெரிந்தேதான் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புகாரில் 'மட்டமான துணி' என்கிற இரண்டு வார்த்தையை மட்டும் அடித்துக் கொடுங்கள், மேடம். எனக்கென்று ஊரில் ஒரு பேர் இருக்கிறது.