தையல்காரரின் ரத்தம்

மனைவி: ...மூணு மடங்குங்க! மூணு மடங்கு!

தையல்காரர்: கடைக்குள்ள வந்ததும் வராததுமா... என்ன மூணு மடங்கு?

மனைவி: உங்க ரத்தத்துல இருக்கிற புரோட்டீன். ரிப்போர்ட் வந்திருக்கு.

தையல்காரர்: அட, புரோட்டீன் நல்லதுதானே! முட்டை தின்னா ஏறும்.

மனைவி: இது முட்டையில வர்றது இல்ல. இது ஏற ஏற இதயக் குழாய்ல அடைப்பும் பெருசா இருக்கலாமாம். உள்ள ஒயர் விட்டுப் படம் எடுக்கணும், உடனே வாங்கன்னு டாக்டர் சொல்றாரு.

தையல்காரர்: எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன். காலையிலேருந்து நாலு சட்டை வெட்டியிருக்கேன்!

மனைவி: அப்ப போன வாரம் நெஞ்சு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட ஓடினது?

தையல்காரர்: அது... வாயு.

மனைவி: சிரிக்காதீங்க... இருங்க, கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

தையல்காரர்: ஒரு மாடி ஏறினதுக்கா? டாக்டரை நீதான் பாக்கணும் போல.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. கிளம்புங்க.

தையல்காரர்: வரல... சரி, சொல்றேன், கத்தக்கூடாது. அது என் ரத்தமே இல்ல.

மனைவி: ம்...

தையல்காரர்: வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்தது லேப்ல வேலை பாக்கற உன் தம்பிதானே? அவன் ஊசியை எடுத்ததும் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு.

மனைவி: நாள் முழுக்க ஊசியோட குடும்பம் நடத்துற மனுஷன்!

தையல்காரர்: அது துணியைத்தானே குத்துது! "மாப்ளே, உன் ரத்தத்தை எடுத்து என் பேரை ஒட்டிடு"ன்னு கெஞ்சினேன். ஐயையோ... அப்ப அந்த மூணு மடங்கு அவனுதா? இன்னும் கல்யாணம்கூட ஆகலையே! போனைக் கொடு, போனைக் கொடு!

மனைவி: பதறாதீங்க. அவனுக்கு ஒண்ணும் இல்ல.

தையல்காரர்: உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: நீங்க கெஞ்சினது சமையலறை வரைக்கும் கேட்டுச்சு. அவன் என்ன செய்யறதுன்னு தெரியாம திருதிருன்னு முழிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்தான். எனக்கும் ஒரு மாசமா படி ஏறினா நெஞ்சை அழுத்துது. சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு வாயைத் திறக்கல. நான்தான்... கையை நீட்டினேன். எந்திரிங்க. தம்பி ஆஸ்பத்திரியில உங்களுக்காக ஊசியோட நிக்கிறான். அவன் குத்தும்போது நான் உங்க கையைப் பிடிச்சுக்கறேன். எனக்குப் படம் எடுக்கும்போது நீங்க பிடிச்சுக்குங்க... பயமா இருக்குங்க.