இரண்டு பச்சை வண்டிகள்

குரோமியத்தில் ஏறிய துருவுக்குத் தேங்காய் எண்ணெய் உதவாது. பலரும் உதவும் என்று நம்புவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் போதும். பல வருஷத்துத் துரு கறுப்புத் தண்ணீராக வழிந்து போய், அடியில் உங்கள் முகம் தெரியும். அவசரம் மட்டும் கூடாது. நான் இந்த வேலையில் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை.

என் பெயர் ராம்கி. ஜோகுபாளையத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பி.காம். கடைசி வருஷம். கல்லூரிப் பத்திரிகையில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதுவேன். பிரின்சிபால் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார் என்பதால் அவை சுமாராகவாவது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற நேரத்தில் பழைய ரேஸ் சைக்கிள்களை வாங்கிப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டுவேன். என் கட்டிலுக்கு மேலே ஃபிரேம்கள் தொங்கும். அம்மா அந்த அறைக்குள் குனிந்துதான் வருவாள். "இது ரூமாடா, பழைய இரும்பு வாங்கற குஜரிக் கடையா? தூங்கறப்போ மண்டையில விழுந்து செத்தேன்னா, சைக்கிள் மோதி மெத்தையில செத்தான்னு பேப்பர்ல போடுவான்" என்பாள். எனக்கு இந்த எழுத்துத் திறமை யாரிடமிருந்து வந்தது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பைத்தியம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் கூடுவோம். ஓட்டுவது கொஞ்சம், பேசுவது நிறைய. பேச்சு முழுவதும் ஒரே விஷயம்தான்: யாருடைய வண்டியில் எது ஒரிஜினல், எது மாற்றியது. கிளிஃபர்ட் அங்கிள் எனக்கு அங்கேதான் பழக்கம். காக்ஸ் டவுன்காரர், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் பிரிஜெட் அக்காவோடு இருந்தார். அவருடையது இங்கிலாந்தில் செய்த பச்சை நிறப் பத்து கியர் வண்டி. வாலிபத்தில் வாங்கியது. எங்கள் கூட்டத்தில் மற்ற எவனிடமாவது அது இருந்திருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பான். இவர் அதில் மட்டன் வாங்கப் போவார்.

நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து சரி செய்த ஓர் இத்தாலிய வண்டியை முதன்முதலில் பார்க்குக்குக் கொண்டுபோன அன்று, அங்கிள் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், பெடலைச் சுற்றிவிட்டார், பிறகு சொன்னார்: "நீட்டா இருக்குது மேன். ஆனா இது வண்டி இல்ல. கல்யாண ஆல்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வரி. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சில வாரம் கழித்து சண்டே பஜாரில், பழைய மிக்ஸிகளுக்கும் ஜோடியில்லாத ஷூக்களுக்கும் நடுவில், அங்கிளுடைய வண்டியின் சகோதரன் படுத்திருந்தான். அதே கம்பெனி, அதே மாடல், அதே பச்சை. துருப்பிடித்திருந்தான், அவ்வளவுதான். வாங்கி வந்து ஒருவரிடமும் சொல்லாமல் அலுமினியத் தாளோடு உட்கார்ந்தேன்.

யோசனை எளிமையானது. இரண்டு வண்டிக்கும் இடையே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எத்தனையாவது பாகத்தில் அங்கிள் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். கண்டுபிடிக்கவே மாட்டார், முழு வண்டியும் மாறிய பிறகு நானே போய்ச் சொல்லி, எல்லோருமாகச் சிரித்து, அதை ஒரு கட்டுரையாக எழுத வேண்டும். 'ஒரிஜினல்' என்று உருகுகிறவர்களைப் பற்றிய கட்டுரை. இதில் தீமை எங்கே இருக்கிறது என்று அப்போது தேடியிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது.

அங்கிள் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் கடை மோமோ கடையாக மாறிவிட்டிருந்தது. அதனால் வண்டியை என்னிடம்தான் சர்வீஸுக்கு விடுவார். முதலில் இடது பிரேக் லீவரை மாற்றினேன். மறுநாளே வந்துவிட்டார்.

"இந்த லீவர் என்னுது இல்ல மேன்."

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். உள்ளே போய் அவருடைய லீவரை எடுத்து வந்து காட்டியிருக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் என் கட்டுரை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதிகப்பிரசங்கிப் பையன் ஒருவனை ஒரு பெரியவர் ஒரே நாளில் மடக்கிய கதையாகிவிடும். கல்யாண ஆல்பம் வேறு நினைவுக்கு வந்தது.

"உங்களோடதுதான் அங்கிள். பாலிஷ் போட்டேன், அதான் வேற மாதிரி தெரியுது" என்றேன்.

அவர் லீவரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். "இருக்கும்" என்றார்.

அங்கிளின் அம்மாவுக்கு மறதி நோய். கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து நாற்காலி போடச் சொல்வாராம். அங்கிள் இதைப் பார்க்கில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் அது வருமோ என்று பிரிஜெட் அக்கா கவனித்துக்கொண்டே இருக்கிறாள், தான் சாவியை மறந்து வைத்தால்கூட அவள் முகம் மாறிவிடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். லீவர் அவருடையதுதான் என்று நான் சொன்னபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்ததாக எங்கும் எழுத வேண்டாம்.

பிறகு பெடல், கிராங்க், பின் கியர், சக்கரங்கள், சீட். ஒவ்வொரு தடவையும் ஏதோ சரியில்லை என்று கொண்டுவருவார். அதைச் சரி செய்யும் சாக்கில் இன்னொன்றை மாற்றுவேன். திருட்டு என்று இதைச் சொல்ல முடியாது. திருட்டென்றால் ஒரு பக்கம் குறைய வேண்டும். நான் எடுத்தபோதெல்லாம் அதே மாதிரி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன், பல சமயம் அவருடையதைவிட நல்ல நிலையில் இருந்ததை. எல்லாவற்றையும் அவர் கண்டுபிடித்தார். சீட்டை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தார். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல்.

பார்க்கில் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும் சொல்வார். "பிரிஜெட்டாண்ட சொல்லிடாத மேன், பயந்துடுவா" என்பார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றவும் செய்தேன்.

மழைக்கு முன்னால் முழு சர்வீஸுக்கு விட்டார். மிச்சம் இருந்தது ஃபிரேம்தான். அங்கிள் வீட்டு கேட்டின் கொக்கி பட்டு மேல் கம்பியில் ஒரு நீளக் கீறல் உண்டு. அதே மாதிரி ஒன்றை என் ஃபிரேமில் அம்மாவின் பீரோ சாவியால் போட்டேன். அதற்கு முன்பு பழைய டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுப் பழகிக்கொண்டேன். வண்டியைத் தலைகீழாகத் திருப்பியபோதுதான், ஃபிரேமின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், சிவப்பாகச் சின்னச் சிலுவை ஒன்று தெரிந்தது. நெயில் பாலிஷ். அங்கிள் அடையாளம் வைத்திருக்கிறார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை நாள் பழக்கத்துக்குப் பிறகு ஒருவர் நம்மை நம்பவில்லை என்று தெரிந்தால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். ஃபிரேமைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனேன். கடைப்பெண் சலிக்காமல் ஒவ்வொரு சிவப்பாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கேர்ள் ஃபிரெண்டுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். சைக்கிளோடு ஒத்துப்போகும்படி நகம் வைத்துக்கொள்ளும் பெண்ணைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று அங்கிள் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது தள்ளிக்கொண்டு வந்தார். சாயங்காலம் பிரிஜெட் அக்கா போன் செய்தாள். கொஞ்சம் வர முடியுமா, டாடி என்னவோ பேசுகிறார் என்றாள்.

ஹாலில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வண்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அங்கிள் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக வரவேற்றார். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எல்லாம் அதே மாதிரி இருக்கிறது, ஆனால் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்று மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவள் அழுதிருந்தாள். என்னிடம் சாட்சி இருக்கிறது, உன் நெயில் பாலிஷை எடுத்து அடியில் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன், இப்போது அது இருக்காது பார் என்று சொல்லி, அங்கிள் டார்ச்சை அவள் கையில் கொடுத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இருக்குது டாடி."

அங்கிள் தானும் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க போட்டதுதான இது?"

"நான் போட்டதுதான்."

"அப்புறம் எப்படி டாடி இது வேற வண்டி?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகப் பார்வை இல்லை. வழி தெரியாத ஊரில் யாரிடமாவது கேட்போமே, அந்த மாதிரி. "நீ சொல்லு ராம்கி. நீ தொட்டுப் பாத்தவன். நீ சொன்னா நான் கேட்டுக்கறேன் மேன்" என்றார்.

"உங்க வண்டிதான் அங்கிள்" என்றேன்.

அவர் தரையில், செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அங்கிளை அழைத்துப் போன டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். சிலருக்குக் கட்டின மனைவியைப் பார்த்தே, அதே முகத்தோடு யாரோ வந்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுமாம். சைக்கிளைப் பற்றி அப்படித் தோன்றி அவர் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் உற்சாகமாகவே விசாரித்தார். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். எவ்வளவு நாளாக இப்படிச் சொல்கிறார், அடிக்கடி சொல்வாரா, வேறு யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா. எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலைத்தான் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியவில்லை என்பது உண்மைதானே.

மாத்திரையில் அங்கிளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிரேக் பிடிக்க முடியாததால் வண்டி ஓட்டுவது நின்றது. அக்கா கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். தனியாக வெளியே விடக் கூடாது, வண்டி மாறிவிட்டது என்கிற பேச்சு நின்ற பிறகு மருந்தைக் குறைக்கலாம், பூட்டைப் பற்றியும் யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வண்டியைப் பார்த்தாலே அங்கிள் ஒரு மாதிரி ஆகிவிடுவதால் அதை நீயே எடுத்துப் போ என்று அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். நீ மட்டும்தான் டாடியிடம் பொறுமையாக இருந்தாய் என்றும் சொன்னாள். இப்போது இரண்டு பச்சை வண்டிகளும் என் அறையில்தான் இருக்கின்றன.

நான் கல் இல்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தால் தலைப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. பத்திரிகைப் பொறுப்பாளன் கேட்டபோது தேர்வு இருக்கிறது என்றேன். பேக்கரியில் காரா பன் வாங்கிக்கொண்டு காக்ஸ் டவுன் போவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் போவேன். ஒரு நாள் சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேவிட்டேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள்: "என்ன, நீயும் அது வேற வண்டின்னு சொல்ல வந்தியா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பல மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சோப்புக் கையோடு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். காரா பன்னைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு முடிவோடு கிளம்பினேன். அங்கிளுடைய நிஜமான வண்டியை எடுத்தேன். கேட்டில் நிறுத்திவிட்டு, "அங்கிள், இது உங்க வண்டி, நான்தான் மாத்தினேன், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிடுவது. அல்சூர் ஏரியிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அங்கிள் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தெரு திரும்பும்போதே, என்னைப் பார்ப்பதற்கு முன்பே, எழுந்து நின்றுவிட்டார். பின்சக்கரச் சத்தம் கேட்டிருக்கும். நடுங்குகிற கையோடு கேட் வரை வேகமாக வந்தார். கம்பிக்கு இந்தப்பக்கம் வண்டி, அந்தப்பக்கம் அவர். கையை நீட்டினால் ஹேண்டில்பார் எட்டும்.

அப்போது அக்கா சாவியோடு வெளியே வந்தாள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அவள் இப்போதெல்லாம் சிறுபிள்ளையிடம் கேட்பதுபோல அவரிடம் ஏதாவது கேட்பாள். "டாடி, யார் வண்டி இது?" என்றாள்.

அங்கிள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, பூட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ராம்கி வண்டி" என்றார்.

"உங்களுது இல்லையா?"

"எனக்கு ஏதும்மா வண்டி."

வண்டி மாறிவிட்டது என்ற பேச்சே இல்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பூட்டைத் திறந்து, "கடை வரைக்கும் நடந்துட்டு வர்றீங்களா டாடி?" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு என்னைத் தாண்டி, வண்டி மேல் உரசிவிடாமல் ஒதுங்கி, தெருவில் இறங்கித் தனியாக நடந்து போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

வாக்கியம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இப்போதுதான் குணமாகியிருக்கிற ஒரு மனிதரிடம் உண்மையைச் சொல்லி, அவரை மறுபடியும் நோயாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.