செருப்புப் போட்ட மாப்பிள்ளை

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம். பரவாயில்லை, ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள்தான் குடிக்கவே இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் டம்ளரில் ஏடு கட்டிவிட்டது. பேனாவின் தலையை அமுக்குகிறீர்கள், விடுகிறீர்கள், மறுபடி அமுக்குகிறீர்கள். ஏட்டையா கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தே தேய்கிறார். மேசையில் உங்கள் போன் அதிர்ந்து அதிர்ந்து என் பக்கம் நகர்ந்து வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று எனக்கும் தெரியும். எங்கள் காட்டில் வேலை செய்யும் சாலம்மாள் அங்கே நினைவில்லாமல் கிடக்கிறாள். விஷம் என்று நினைத்து ஏதேதோ மருந்து ஏற்றிப் பார்க்கிறார்கள், ஒன்றுக்கும் பலனில்லை. நினைவு தப்புவதற்கு முன் அவள் தன் மகளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாப்புள்ள மாத்தரைதான் தின்னேன்."

அந்த மாப்பிள்ளை நான். அதே மாத்திரையைச் சாப்பிட்ட என் மாமனார் சின்னண்ணன் போன மாதம் இறந்துபோனார்.

"அது என்ன மாத்திரைங்க? பேரை மட்டும் சொல்லுங்க தனசேகர். மத்ததை அப்பறம் பேசிக்கலாம்" என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பெயரைத் தனியாகப் பிய்த்துக் கொடுத்தால் நீங்கள் என்னைத் தப்பாக எடை போட்டுவிடுவீர்கள். காரணம் முன்னால் வர வேண்டும். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

எனக்குச் சொந்த ஊர் வாழப்பாடிப் பக்கம். நாமகிரிப்பேட்டைக்கு வெளியே சின்னண்ணனுக்கு மஞ்சள் காடும் குச்சிக்கிழங்குக் காடும் உண்டு. கமலவேணி ஒரே மகள். அவளைக் கட்டிக்கொண்டு நான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தேன். அந்தப் பக்கத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் இலை போடுவார்கள், பேச்சில் சேர்க்கமாட்டார்கள். நான் "வர்றேன்" என்பேன். அவர்கள் "வாரேன்" என்பார்கள். அதற்கே பல வருடம் சிரித்தார்கள்.

அதைவிட அதிகம் சிரித்தது என் செருப்புக்கு. மஞ்சள் காட்டுக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. விளைகிற மண்ணைச் செருப்பால் மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். வரப்பிலேயே கழற்றிவிட்டு, தண்ணீர் பாய்ந்த சேற்றில் கணுக்கால் புதையப் புதைய நடப்பார்கள். சின்னண்ணன் அப்படித்தான், சாலம்மாளும் அப்படித்தான். எனக்கு அது ஒவ்வவில்லை. "செருப்புப் போட்ட மாப்புள்ள வாராரு, எல்லாம் ஒதுங்குங்க" என்று மாமனார் வேலையாட்களுக்கு முன்னால் கேலி செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

போன ஆடியில் அவருக்கு அரிப்பு எடுத்தது. புதிதில்லை, பல வருடமாக வந்து போவதுதான். ஆனால் இந்தத் தடவை மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. இடுப்பிலும் தொடையிலும் சிவப்பாக ஒரு கோடு கிளம்பும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீளும், சாயங்காலம் வேறு இடத்தில் இருக்கும். சாப்பிடும்போது எழுந்து போய்த் தூணில் முதுகைத் தேய்ப்பார். அந்தச் சரக் சரக் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். எனக்கும் சோறு இறங்காது. சேலத்தில் டாக்டர் ஜெஸ்ஸியிடம் நான்தான் கூட்டிப்போனேன். சின்ன வயது, நிதானமாகப் பேசுகிறவர். ரத்தம், மலம் எல்லாம் சோதித்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, இது ஒரு உருண்டைப் புழு. கண்ணுக்குத் தெரியாத குட்டி, ஈர மண்ணுல இருக்கும். வெறுங்கால்ல நடந்தா பாதத்தைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிடும். நுரையீரலுக்குப் போயி, தொண்டைக்கு ஏறி, நீங்க எச்சில் முழுங்கறப்ப குடலுக்கு இறங்கிடும். அங்க அது போடற குட்டி திரும்ப உங்க உடம்புக்குள்ளயே நுழையும். முப்பது வருசம்கூட அப்படியே இருக்கும்."

மாமனார் பயப்படவில்லை. "அப்பறம் எப்பிடிங் சாமி நான் உசுரோட இருக்கறேன்?" என்று கேட்டார்.

"உங்க உடம்பு சும்மா இல்லைங்கய்யா. ரத்தத்துல ஈசினோபில்னு ஒரு அணு இருக்கு. உங்களுக்கு அது ரொம்ப ஏறிக் கிடக்கு. புழு பெரிசு, அதை முழுங்க முடியாது. அதனால சுத்தி ஒட்டிக்கிட்டு அது மேல நஞ்சைக் கக்கும். குடலும் சளியைச் சுரந்து வழுக்கி வெளிய தள்ளப் பாக்கும். எல்லாத்தையும் கொல்ல முடியாது. ஆனா பெருக விடாது. இந்த அரிப்பே அந்தச் சண்டையாலதான்."

"பட்டி நாயாட்டம்னு சொல்லுங்க. நரியைப் புடிக்காது, ஆனா உள்ள உடாது."

"அதேதாங்கய்யா" என்று டாக்டர் சிரித்தார். பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார். காட்டில் செருப்புப் போடச் சொன்னார். வெளியே வந்ததும் மாமனார் என் காலைப் பார்த்துவிட்டு, "உன்னையாட்டம் ஆவச் சொல்லுது அந்தப் புள்ள" என்றார். அப்போதும் சிரித்துவைத்தேன்.

"புழுக் கதையெல்லாம் எனக்கு வேண்டாங்க. அங்க ஒரு உசுரு ஊசலாடுது" என்கிறீர்கள். சரி மேடம், கோபப்படாதீர்கள். போனை எடுத்து இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லுங்கள். இதோ வந்துவிட்டேன்.

அடுத்த நாள் களத்தில் மாமனாரும் கமலவேணியும் இருந்தார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு நான் பின்பக்கமாக வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. அவர் முதுகைச் சொறிந்துகொண்டே பேசினார். "புள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. தை பொறந்தா பெரியவங்களை வெச்சுப் பேசி அவனை அவங்க ஊட்டுக்கே அனுப்பிச்சுடலாம் சாமி. உண்ணியாட்டம் ஒட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு?"

உண்ணி. மாட்டின் காதுக்குள் இருக்குமே, அது. அந்தச் சொல் என் மேல் விழுந்தது வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட வலித்தது கமலவேணி ஒன்றும் சொல்லாததுதான். "அப்பிடிச் சொல்லாதீங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவள் வெயிலில் போட்டிருந்த பழைய இருப்பு மஞ்சளைக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் திரும்பிப் போக இடமில்லை. ஊரில் அண்ணன்கள் என் பங்கு வீட்டை இடித்து மாட்டுக்கொட்டகை போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே மெடிக்கலுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லா வலிக்கும் நாலைந்து நிற மாத்திரைகளைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள், செட் மாத்திரை என்று பெயர். யாரும் பெயர் கேட்பதில்லை, நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். அதே மாதிரி நானும் மடித்துக் கொடுத்தேன். டாக்டரம்மா கொடுத்தது என்றேன். மாமனார் என் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டார்.

இனிமேல் நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். அவருக்கு உடம்பு தேறியது. கொஞ்ச நாளில் அரிப்பு நின்றது. மூட்டு வலி போயிற்று. பசி எடுத்து இரண்டாம் தடவை சோறு கேட்டார். தூணில் தேய்க்கும் சத்தம் ஓய்ந்து வீடு அமைதியானது. டீக்கடையில் உட்கார்ந்து, "எம் மாப்புள்ள குடுத்த மாத்தரைதான் என்னையக் காப்பாத்துச்சு" என்று சொன்னாராம். தை பிறந்தது, பெரியவர்கள் யாரும் வரவில்லை. விஷம் கொடுத்தால் இப்படி ஆகுமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு மாலை என் தோளில் கை போட்டு, "உன்னையத் தப்பா நெனைச்சுட்டன் சாமி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளும் மாத்திரையை மறக்காமல் கொடுத்தேன்.

சாலம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். மாமனாருக்கு ஒரு பழக்கம். காட்டில் எதையும் தனியாகச் சாப்பிடமாட்டார். வெல்லக் கட்டியோ முறுக்கோ, பாதியை உடைத்துப் பக்கத்தில் வேலை செய்கிறவர் கையில் போடுவார். சாலம்மாளுக்கு முழங்கால் வலி. தன் வலி தீர்ந்ததும் அவளுக்கும் தீரட்டும் என்று தன் மாத்திரையிலேயே பங்கு போட்டிருக்கிறார். அது தீர்ந்தால் என்னிடம் கூடுதலாகக் கேட்பார், நான் கொண்டுவந்து தருவேன். அவ்வளவுதான்.

அவள் தங்கமானவள் மேடம். அந்தக் காட்டில் என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள். வெயிலில் நான் வரப்பில் நின்றால், "சாமி, தண்ணி குடிக்கறீங்களா?" என்று முதலில் கேட்கிறவள் அவள்தான்.

மாமனாருக்கு மாசியில் வயிறு வீங்கியது. வாந்தி, இருமல், மூச்சு வாங்கியது. தொப்புளைச் சுற்றிக் கட்டை விரலால் அழுத்தியதுபோல் ஊதா நிறத் தடங்கள் வந்தன. சேலத்துக்குப் போகலாம் என்று கமலவேணி அழுதாள். நாமக்கல்தான் பக்கம் என்று நான் அங்கே கூட்டிப்போனேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். இல்லைங்க என்றேன். இன்னொரு முறை கேட்டார். இல்லைங்க என்றேன்.

போன் மறுபடி அடிக்கிறது. எடுங்கள் மேடம், நான் காத்திருக்கிறேன்.

...

ஏட்டையா நடப்பதை நிறுத்திவிட்டாரே. நீங்களும் பேனாவை அமுக்கவில்லை. போனைக் குப்புற வைத்துவிட்டீர்கள்.

"இனி மெதுவாவே சொல்லுங்க தனசேகர்" என்கிறீர்கள். "இனி ஒண்ணும் அவசரமில்லைங்க."

சரி. என் வரிசைப்படியும் அந்தப் பெயருக்கான இடம் வந்துவிட்டது.

டாக்டர் ஜெஸ்ஸி கடைசியாக ஒன்று சொன்னார். மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், நான் மட்டும் கேட்டேன். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க சார். இவருக்கு யாரும் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் குடுத்துடக் கூடாது. வலி போகும், அரிப்பு நிக்கும், ஆளு நல்லா ஆன மாதிரி இருக்கும். ஆனா உடம்போட காவல் படுத்துடும். அப்பறம் புழு கணக்கில்லாமப் பெருகி நுரையீரல், மூளைன்னு எல்லா எடத்துக்கும் போயிடும். அப்ப ரத்தத்துல ஈசினோபில்கூட ஏறாது. புழுன்னே டாக்டருக்குத் தோணாது. சொன்னாதான் தெரியும். தெரிஞ்சா மருந்து இருக்கு, காப்பாத்தலாம்."

ஸ்டீராய்டு. அதுதான் மேடம் அந்தப் பெயர். மடித்துக் கொடுத்த காகிதத்தில் அது மட்டும்தான் மருந்து, மற்ற நிறங்களெல்லாம் சத்து மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்த பூச்சி மாத்திரையை நான் வீணாக்கவில்லை. என்ன இருந்தாலும் அந்த மண்ணில் புழங்குகிறவன், அதை நான் சாப்பிட்டேன்.

சாலம்மாள் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். வரப்பில் அவர் மேலிருந்து போட, அவள் முந்தானையில் துடைத்த கையை நீட்டி வாங்கினாள். அவள் பாதத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவளுக்கும் அந்தப் புழு இருக்கும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று மாமனார் கேட்பார். என்னால் என்ன சொல்லியிருக்க முடியும்?

புழுதான் அவரைக் கொன்றது. நான் காவலைத்தான் கொஞ்சம் தூங்க வைத்தேன். இருந்தாலும் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சின்னண்ணன் விஷயத்தில் எனக்கு வாதம் இல்லை.

ஒன்று மட்டும் தெளிவாக எழுதுங்கள் மேடம், அவள் மகள் படித்துப் பார்ப்பாள். சாலம்மாளுக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. காலையிலிருந்து அவளுக்காகத்தான் உங்களிடம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.